கைக்கேற்ற மட்டை



சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே போர்த்தேங்காய் அடிக்கும் ஆட்டத்தைக் கண்டவர்கள், இந்நேரம் வானொலிப் பெட்டியண்டை இருப்போரிற் பலர் இருக்கக்கூடும். அந்த ஆட்டத்தில் தேங்காயை அடிப்பது ஒரு கணத்து வேலை. தேங்காயைத் தெரிவு செய்வதோ பல நாள் வேலை. கையில் எடுத்து நிறை பார்ப்பார்கள், உருட்டிப் பார்ப்பார்கள், விரலாற் சுண்டி ஓசை கேட்பார்கள், சிரட்டை தடிப்பானதா, எந்தப் பக்கம் வலியது என்றெல்லாம் ஆராய்வார்கள். அத்தகைய பரம்பரையில் வந்த நாம், கொழும்பிலே பிள்ளைக்கு ஒரு டென்னிஸ் மட்டை வாங்கக் கடைக்குட் புகும்போது மட்டும், சுவரிலே ஒட்டியிருக்கும் வீரரின் படத்தையும் விலைச்சீட்டையும் பார்த்து இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஒருவர் தம்முடைய ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ற மட்டையை எவ்வாறு தெரிந்துகொள்வது?

டென்னிஸ் கழக அங்கத்தவர்களின் பொழுதுபோக்கு. நமக்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணலாம். அது ஒரு காலத்தில் உண்மையே. 1874ஆம் ஆண்டில் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்பார் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று விற்பனைக்கு விட்ட இவ்விளையாட்டு, தோட்டத் துரைமாரோடும் உத்தியோகத்தரோடும் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவிலும் கொழும்பிலும் அவர்களுடைய கழகங்களுக்குள்ளேயே முதலில் வேரூன்றியது. 1915இல் இலங்கை லோன் டென்னிஸ் சங்கம் தோன்றியது. 1953இல் இலங்கை டேவிஸ் கிண்ணப் போட்டிகளிலும் கலந்துகொண்டது. ஆயினும் இன்றைய நிலை வேறு. முன்னாளில் கிறீன் பாத் என வழங்கி இப்போது ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கி நிற்கும் வீதிக்கு அண்மையிலுள்ள சங்கத்தின் மண்தரைக் களங்களுக்குப் பிள்ளைகள் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலிருந்தும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீதிகளிலிருந்தும் வரும் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அந்தப் பையினுள் இருப்பது என்ன மட்டை, அது அந்தக் கைக்கு ஏற்றதா என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சிறிய விடயம் அன்று.

ஏனெனில் மட்டை முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு சில மாதங்களில் 360 ரூபாவரை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ஓரளவு தேறியதென்றாலும், உயர்தர மட்டையொன்று அந்நிய நாட்டிலேயே 250 டொலர் விற்கும்போது, இங்கே அது 75,000 ரூபாவுக்குக் குறையாது. அத்தனை பணத்தைக் கொடுத்துப் பொருந்தாத மட்டையை வாங்கினால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பிள்ளையின் முழங்கை வலிக்கத் தொடங்கும். ஆட்டத்தில் வெறுப்புத் தோன்றும். ஆறு மாதத்தில் மட்டை அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விடும்.

இனி விடயத்துக்கு வருவோம். "எந்த மட்டை நல்லது?" என்று கேட்பவருக்கு விடை சொல்ல இயலாது. "நான் ஆடுவது எவ்வகை ஆட்டம்?" என்று அவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் நாகர்கோவிலில் 1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றவர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதிவரை சென்றவர். அவருடைய சேர்விஸிலே வேகம் இல்லை. பந்தை இடியென மோதும் வலிமையும் அவருக்கு வாய்க்கவில்லை. எதிரியின் வேகத்தையே இரவல் வாங்கி, பந்தை அவர் எட்டமுடியாத மூலைக்கு மெல்ல அனுப்பிவைப்பதே அவர் கலை. 1961இன் காலிறுதியில் அவுஸ்திரேலியாவின் ரோய் எமர்சனை மூன்றே செற்களில் வீழ்த்தியது அந்தக் கலைதான். அவர் மைந்தர் ரமேஷ் கிருஷ்ணனும் அதே பண்பில் ஆடியவர். கிராபைட் மட்டைகளின் வேகம் உலகை ஆட்கொண்டிருந்த 1989ஆம் ஆண்டிலே, அவுஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை அவர் வென்றார். மறுபுறம் ரஃபயெல் நடாலைப் பாருங்கள். எல்லைக்கோட்டின் பின்னே நின்று, முழுக்கையையும் வீசி, பந்துக்கு அளவற்ற மேற்சுழற்சி கொடுத்து, எதிரியின் தோளுக்கு மேலே துள்ளச் செய்தவர் அவர். இவ்விருவகையாருக்கும் ஒரே மட்டை பொருந்துமோ? மிருதங்கத்தையும் தவிலையும் ஒரே கை வாசிக்கலாம். ஒரே முறையில் வாசிக்க முடியாது அன்றோ?

அடிப்படையான நியதி ஒன்றுண்டு. அதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் கடைக்காரரின் வார்த்தை நம்மை மயக்காது. கையை நீளமாகவும் விரைவாகவும் வீசுபவர் தம் வேகத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அவருக்கு வேண்டியது அந்த வேகத்தை அடக்கி, பந்தைக் களத்துக்குள்ளே விழச்செய்யும் மட்டை. கையைக் குறுக்கி, மெதுவாக அடிப்பவருக்கோ வேகத்தை மட்டைதான் கொடுத்துதவ வேண்டும். முன்னவருக்குச் சற்றுப் பாரமான, தலை சிறுத்த, வளைந்து கொடுக்கும் சட்டம் பொருந்தும். பின்னவருக்குப் பாரம் குறைந்த, தலை பருத்த, விறைப்பான சட்டம் பொருந்தும். இதில் விந்தை என்னவென்றால், கடைக்குப் போகும் பலசாலியான இளைஞர், "எனக்கு வலுவான மட்டை வேண்டும்" என்று கேட்டு, வேகம் கொடுக்கும் மட்டையையே வாங்குகிறார். அதன் பின் அவர் அடிக்கும் பந்துகள் வேலிக்கு வெளியே போய் விழுகின்றன.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று சிறிது பார்ப்போம். டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து கடினமான தரையில் விழவிட்டால், அது 53 முதல் 58 அங்குலம் வரையே எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது, பந்து நசுங்கி மீளும்போது தன் சக்தியில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. நரம்புகளோ தாம் வாங்கிய சக்தியிற் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். ஆகவே நரம்பு தளர்வாக இருந்தால் நரம்பு அதிகம் வளையும், பந்து குறைவாக நசுங்கும், வேகம் கூடும். நரம்பை இறுக்கினால் பந்து நசுங்கி வேகம் குறையும். ஆனால் திசை கைக்கு அடங்கும். பந்தும் நரம்பும் ஒன்றையொன்று தொட்டு நிற்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரமே. மட்டையைப்பற்றிய வாதப் பிரதிவாதங்களெல்லாம் அந்த ஐந்து பங்கைப் பற்றியவைதாம்.

சட்டத்தின் கதை சுவையானது. நம் தந்தையர் காலத்து மட்டைகள் மரத்தால் ஆனவை. மெல்லிய மரப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துச் செய்த அவற்றின் நிறை 13 அவுன்சு முதல் 14 அவுன்சு வரை, அதாவது 370 கிராம் தொடங்கி 400 கிராம் வரை இருக்கும். தலையின் பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம். டன்லப் மாக்ஸ்பிளை, ஸ்லசெஞ்சர் என்னும் பெயர்களை அக்காலத்தவர் பக்தியோடு உச்சரிப்பார்கள். பிரிவினைக்கு முன் சியால்கோட்டிலும், 1947இன் பின் அங்கிருந்து பெயர்ந்துவந்த கைவினைஞரால் ஜலந்தரிலும் செய்யப்பட்ட மட்டைகளும் இந்தியத் துணைக்கண்டமெங்கும் பரவின. கொழும்பின் ஈரக்காற்றில் மரமட்டை கோணிப்போகும். ஆதலின் ஆடி முடிந்தவுடன் அதை நான்கு மூலையிலும் திருகாணி பொருத்திய மரச்சட்டத்தினுள் இறுக்கி வைக்க வேண்டும். இத்தகைய சட்டத்திற் பூட்டிய மட்டை சுவரில் மாட்டியிருப்பது முன்பு வெள்ளவத்தையில் வசதியுள்ள வீட்டுக்கு ஓர் அடையாளம்.

1967இல் உருக்குக் குழாயாலான வில்சன் மட்டை சந்தைக்கு வந்தது. பிரான்சின் பழைய வீரர் ரெனே லக்கோஸ்ட் வகுத்த மாதிரி அது. ஜிம்மி கொனர்ஸ் அதை நெடுங்காலம் விடாது பிடித்திருந்தார். எனினும் உண்மையான புரட்சியைச் செய்தவர் ஹவார்ட் ஹெட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். பனிச்சறுக்குப் பலகைகள் செய்து செல்வம் ஈட்டி, ஓய்வு பெற்றபின் டென்னிஸ் பழகத் தொடங்கிய அவருக்குப் பந்து மட்டையின் ஓரத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது. ஓரத்திற் பந்து பட்டால் மட்டை கையினுள் முறுகித் திரும்பும். மட்டை அகலமாயிருந்தால் அந்த முறுகலை எதிர்த்து நிற்கும் என்று அவர் கண்டார். அதன் பயனாக 1976இல் பிரின்ஸ் என்னும் பெயரில் 110 சதுர அங்குலத் தலையுள்ள அலுமினிய மட்டை வெளிவந்தது. முதலிற் பலர் நகைத்தனர். பாட்டிமாரின் மட்டை என்றனர். சில ஆண்டுகளில் நகைத்தவர்களும் அதையே வாங்கினர்.

அடுத்த ஆண்டிலே ஒரு கேலிக்கூத்தும் நிகழ்ந்தது. இரட்டை அடுக்காய் நரம்பு கட்டி, இடையிடையே குழாய்த் துண்டுகள் செருகிய ஒரு மட்டை 1977இல் ஐரோப்பாவில் தலைகாட்டியது. பந்தை அது சுழற்றிய சுழற்றில் பேர்பெற்ற வீரர்களெல்லாம் திகைத்து நின்றார்கள். இலி நஸ்தாசே அதைக் கொண்டு கியேர்மோ வில்லாசை எதிர்த்தபோது, வில்லாஸ் வெறுத்துப்போய் ஆட்டத்தை இடையில் விட்டு வெளியேறினார். அவருடைய நெடிய வெற்றித் தொடர் அத்தோடு அறுந்தது. சர்வதேச சம்மேளனம் அம்மட்டையைத் தடைசெய்ததோடு, மட்டை என்றால் என்ன என்று முதன்முறையாக விதியும் வகுத்தது. நூறு ஆண்டுக்கு மேலாக இவ்விளையாட்டில் மட்டைக்கு வரைவிலக்கணமே இருக்கவில்லை என்பது வியப்பன்றோ! இன்றைய விதிப்படி மட்டையின் நீளம் 29 அங்குலத்துக்கு மேற்படலாகாது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 27 அங்குலம்.

1983இல் யானிக் நோவா பிரெஞ்சுப் பட்டத்தை மரமட்டையால் வென்றார். ஆண்கள் ஒற்றையரில் மரம் பெற்ற கடைசிப் பெரும் பட்டம் அது. பியோன் போர்க் 1991இல் மீண்டும் களமிறங்கியபோது தம் பழைய மரமட்டையோடேயே மொன்டி கார்லோவுக்கு வந்து, முதற் சுற்றிலேயே தோற்றுப்போனார். விசுவாசம் நல்ல குணந்தான். மட்டையிடம் அதைக் காட்டவேண்டியதில்லை.

இன்றைய மட்டைகள் கிராபைட் என்று சொல்லப்படுபவை. இப்பெயரைக் கேட்டதும், நம் நாட்டிலே போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கும் காரீயந்தானே அது, நாமே மட்டை செய்தால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் மட்டையிலுள்ளது சுரங்கத்துக் காரீயம் அன்று. செயற்கை இழைகளைக் கடும் வெப்பத்திற் கருக்கிப் பெறும் காபன் நார். அந்த நாரைப் பசையில் தோய்த்து அச்சில் வார்க்கிறார்கள். நிறை குறைந்து விறைப்பு மிகுந்திருப்பதே இதன் சிறப்பு. விறைப்பான சட்டம் பந்துக்குச் சக்தியை அதிகம் திருப்பித் தரும்; அதிர்வை முழங்கைக்கும் அதிகம் அனுப்பிவைக்கும். மரத்தின் காலத்தில் சட்டமே வளைந்து அதிர்வை விழுங்கியது. இந்த வேறுபாட்டை விலைச்சீட்டு சொல்லாது.

தலையின் பரப்பு இப்போது 95 முதல் 110 சதுர அங்குலத்துக்குள் அமைகிறது. வாரத்தில் ஒருநாள், கந்தோர் முடிந்தபின், நண்பர்களோடு இரட்டையர் ஆட்டம் ஆடும் ஐம்பது வயதுக்காரருக்கு 105க்குக் குறைந்த தலை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பீட் சாம்பிராஸ் 85 சதுர அங்குலத் தலையோடு பதினான்கு பெரும் பட்டங்கள் வென்றார் என்று அவர் வாதிடக்கூடும். சாம்பிராஸ் ஒவ்வொரு பந்தையும் நரம்பின் நடுவில் வாங்கினார். நாம் பத்தில் மூன்றை வாங்கினால் பெரிய காரியம். ரொஜர் ஃபெடரரே 90 சதுர அங்குலத்தை விட்டு 2014இல் 97க்கு மாறினார். மாறிய பின் 2017இல் இரண்டும் 2018இல் ஒன்றுமாக மூன்று பெரும் பட்டங்களை வென்றார்.

நிறையைப்பற்றி மக்கள் விசாரிக்கிறார்கள். நிறை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. சுத்தியலைப் பிடியிற் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின் தலைகீழாக இரும்புப் பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நிறை ஒன்றே; கைக்குத் தெரிவது இரண்டு. மட்டையும் அப்படித்தான். 27 அங்குல மட்டையின் நடுப்புள்ளி பிடியின் அடியிலிருந்து 13½ அங்குலம். அவ்விடத்தை விரலின்மேல் வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் சாய்ந்தால் தலைப்பாரம். பிடிப்பக்கம் சாய்ந்தால் பிடிப்பாரம். வலையருகே விரைந்து சென்று பந்து நிலத்திற் படுமுன் தட்டிவிடும் ஆட்டக்காரருக்குப் பிடிப்பாரமான மட்டையே தகும். அது கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகளைப்போலக் களம் கிடைக்காத நாட்களில் மதிற்சுவரில் அடித்துப் பழகுபவருக்கும் இதுவே பொருந்தும். சுவர் போல விரைந்து பந்தைத் திருப்பும் எதிராளி வேறில்லை. நிறை குறைந்த மட்டைகளில் பலவற்றைத் தலைப்பாரமாகச் செய்கிறார்கள். மெல்ல அடிப்பவருக்கு அது உதவும்.

நமது மண்தரைகளில் பந்து வேகம் தணிந்து உயர்ந்து எழும். அங்கே ஆட்டம் நீளும். அடித்தவுடன் முடிக்க நினைப்பவர் தோற்பார். இருபது முறை திருப்பி அனுப்பும் பொறுமை உள்ளவர் வெல்வார். அங்கே பெரும்பாலும் ஆடும் இளைஞருக்கு 100 சதுர அங்குலத் தலையும், 285 முதல் 305 கிராம் நிறையும், நரம்புகள் சற்று அகன்று அமைந்த சட்டமும் நல்ல தொடக்கம். நரம்புகள் அகன்றிருந்தால் பந்தைச் சுழற்றுவது எளிது. மழைக்காலத்தில் பந்தின் மயிர்த்துணி ஈரத்தை உறிஞ்சிப் பாரமாகிவிடும். அந்நாட்களில் நரம்பை இரண்டு இறாத்தல் தளர்த்திக் கட்டிக்கொண்டால் முழங்கை வாழ்த்தும்.

நரம்பென்ற சொல்லை நம் மொழி யாழுக்கும் வீணைக்கும் வைத்தது. டென்னிசுக்கும் அது மிகப் பொருந்துகிறது. தரத்தில் உயர்ந்த நரம்பு இன்றும் மாட்டின் குடலிலிருந்து செய்வதே. பிரான்சின் பபோலா நிறுவனம் 1875 முதல் அதைச் செய்துவருகிறது. ஆங்கிலப் பெயரைக் கேட்டுப் பூனைக் குடல் என்று எண்ணுவோர் உண்டு. பூனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை அறிந்ததும் மட்டையை வீட்டினுள் வைக்கலாமோ என்று தயங்கும் சைவ வீட்டாருக்கு ஒன்று சொல்வேன்: அரங்கேற்றத்தில் நீங்கள் மெய்மறந்து கேட்கும் மிருதங்கத்தின் முகமும் தோல்தான். எப்படியும் கொழும்பின் ஈரத்தில் குடல்நரம்பு விரைவில் நைந்துபோகும். விலையோ மிக அதிகம். நம்மவருக்கு நைலோன் இழைகளால் திரித்த நரம்பே போதும்.

பொலியெஸ்டர் நரம்பைப்பற்றி எச்சரிக்க வேண்டும். 1997இல் பிரேசிலின் குஸ்தாவோ கியேர்தென் யாரும் எதிர்பாராமற் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றபோது அவர் மட்டையில் இருந்தது அது. பந்தைச் சுழற்றுவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அது விறைத்த நரம்பு. இறுக்கமும் விரைவில் இறந்துவிடும். முழு வலுவோடு வீசுபவர்களுக்கே அது பயன்தரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மட்டையில் அதைக் கட்டுவது அந்தக் கைக்குச் செய்யும் தீங்கு. இறுக்கம் பற்றியும் ஒரு சொல். போர்க் தம் மரமட்டையில் நரம்பை ஏறத்தாழ 80 இறாத்தலுக்கு இறுக்கிக் கட்டுவார். இரவில் நரம்பு தானாய் அறுந்து ஓசை எழுப்புமாம். நமக்கு 50 முதல் 55 இறாத்தல் போதும். கை வலிப்பவர் 48க்கு இறங்கலாம்.

பிடியின் பருமனைக் கடைகளில் ஒருவரும் அளப்பதில்லை. 4 அங்குலம் தொடங்கி 4⅝ அங்குலம் வரை, எட்டிலொரு அங்குல இடைவெளியில், 0 முதல் 5 வரை இலக்கமிட்டிருப்பார்கள். மட்டையைப் பிடித்தபின் விரல்நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் ஒன்று புகவேண்டும். புகாவிட்டால் பிடி சிறிது. தாராளமாகப் புகுந்தால் பெரிது. சிறிய பிடியை நழுவாமற் காக்கக் கை இறுகப் பற்றும். அந்த இறுக்கமே முழங்கையின் வெளிப்புறத்தில் நோவாக வெளிப்படும். வைத்தியர்கள் டென்னிஸ் முழங்கை என்று பெயரிட்ட நோய், டென்னிஸ் ஆடாத தச்சரையும் தாக்குவது. பற்றி இறுக்கி மணிக்கட்டை ஓயாது இயக்குவதே அதன் காரணம். நம் ஊரில் வியர்வையும் சேர்கிறது. பிடிமேல் சுற்றும் மெல்லிய நாடா ஒன்றைச் சுற்றினால் பருமன் சிறிது கூடும். அதற்கு இடம் வைத்து அளவு எடுக்க வேண்டும். மலிவான அந்த நாடாவை அடிக்கடி மாற்றுபவர், விலையுயர்ந்த மட்டை வாங்கியவரைவிட அறிவாளி.

இப்போது வெள்ளவத்தைக்கே உரிய ஒரு பிரச்சினைக்கு வருகிறேன். மட்டை கடையிலிருந்து வருவதில்லை; ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மாமாவின் பெட்டிக்குள் வருகிறது. அன்பளிப்பு, குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு பெரிய வீரரின் பெயர் பொறித்த, 300 கிராமுக்கு மேற்பட்ட, பொலியெஸ்டர் நரம்பு இறுகக் கட்டிய மட்டை அது. பதினொரு வயது மருமகள் அதைத் தூக்குவதே பாடு. மாமா அறியாத இன்னொன்று, அந்த வீரர்கள் பிடிப்பது கடையில் விற்கும் மட்டை அன்று என்பது. தமக்குப் பழகிய பழைய சட்டத்துக்குப் புதிய மாதிரியின் வர்ணத்தைப் பூசி ஆடுவது அவர்களிடையே பரவலான வழக்கம். ஆகவே மாமா தொலைபேசியில், "பிள்ளைக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்கும்போது கூச்சப்படாமல் நான்கு எண்களைச் சொல்லிவிடுங்கள்: நீளம், நிறை, தலைப்பரப்பு, பிடியளவு. வர்ணத்தை அவர் விருப்பத்துக்கு விடலாம். வந்த மட்டை பாரமாயிருந்தால் மூன்று வருடம் எடுத்து வையுங்கள். மட்டை காத்திருக்கும்; வளரும் எலும்பு காத்திருக்காது.

சிறுவருக்கு 19 அங்குலத்தில் தொடங்கி 21, 23, 25, 26 என்று மட்டைகள் உண்டு. பிள்ளை நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு மட்டையைப் பிடித்தால், அதன் நுனி நிலத்தை மட்டுமட்டாகத் தொடவேண்டும். உராய்ந்து இழுபட்டால் மட்டை நீளம். "வளருவான்தானே, பெரிதாக வாங்கிவிடுவோம்" என்று பாடசாலைச் சப்பாத்துக்குச் சொல்லும் நியாயம் இங்கே செல்லாது. பெரிய சப்பாத்துக்குள் பஞ்சு வைக்கலாம். பெரிய மட்டையைத் தூக்கப் பிள்ளை மணிக்கட்டை முறித்துக் கற்றுக்கொள்ளும் தவறான அடியைப் பின் எந்தப் பயிற்றுநரும் இலகுவில் அகற்ற முடியாது. பந்தும் அதற்கேற்றதாக வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சட் பந்தை 2012 முதல் சர்வதேச விதியே விலக்கிவிட்டது. வேகம் தணிந்த சிவப்பு, செம்மஞ்சள், பச்சைப் பந்துகள் அவர்களுக்கு உரியவை.

பழைய மட்டை வாங்குவதில் இழிவொன்றுமில்லை. இன்றைய விலையில் நான் அதையே முதலிற் சிபாரிசு செய்வேன். சந்தையிலே மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய நம் தாய்மாரின் வித்தை இங்கே கைகொடுக்கும். மட்டையின் கழுத்தைத் தளர்வாகப் பிடித்துச் சட்டத்தை விரல்மொழியால் சுற்றிவரத் தட்டுங்கள். ஓரிடத்தில் ஓசை மங்கினாலோ கரகரத்தாலோ அங்கே வெடிப்பு இருக்கக்கூடும். தலையின் உச்சியிலுள்ள பாதுகாப்புப் பட்டியின் ஓரங்களையும் கூர்ந்து பாருங்கள். நிலத்தில் அறைந்த கோபக்காரரின் சரித்திரம் அங்கேதான் எழுதியிருக்கும். நரம்பு புதிதாகக் கட்டவேண்டும் என்று எண்ணியே விலை பேசுங்கள். முடிந்தால் முதலில் ஒருவாரம் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். முதல் அரைமணியில் எந்த மட்டையும் இனிக்கும். களைத்தபின், இரண்டாவது செற்றின் முடிவில், கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

வாங்கிய மட்டையை வெயிலிற் பூட்டிக் கிடக்கும் மோட்டார் வண்டியினுள் விடாதீர்கள். வெப்பத்தில் நரம்பின் இறுக்கம் போய்விடும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் குடியிருப்போர் உப்புக்காற்றுப் படாமற் பைக்குள் வைத்து மூடட்டும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்தில் அத்தனை முறையாவது நரம்பை மாற்ற வேண்டும் என்று ஆட்டக்காரரிடையே ஒரு கணக்குண்டு. இரண்டு நாள் ஆடுபவர் சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் கட்டிக்கொண்டாற் போதும்.